பரம்பரை என்று நினைத்திருந்தோம்

சித்தப்பா போய் ஒரு மாதம் கழித்து அவருடைய ஃபைல்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். இன்ஷூரன்ஸ் தாள்கள், பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், எதற்கென்று தெரியாத ரசீதுகள். அவற்றுக்கு அடியில் நான்காக மடித்த ஒரு கடிதம். 1998இல் ரத்ததானம் செய்யப் போன இடத்திலிருந்து வந்தது. 'தங்கள் ரத்தம் பயன்படுத்தத் தகுந்ததல்ல, மருத்துவரை அணுகவும்.' கீழே, கையெழுத்தில் ஒரு வரி: எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரியாக்டிவ்.

2017இல் கல்லீரல் புற்றுநோயில் இறந்தார். கட்டியைக் கண்டுபிடித்தபோது அது ஒன்பது சென்டிமீட்டர். இரண்டுக்கும் நடுவே 19 வருடம். அந்தத் தாள் அத்தனை காலமும் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

சித்தி சொன்னார், "அப்பவே ஒரு டாக்டர்கிட்ட போனாரு. ஈரல் டெஸ்ட் எல்லாம் நார்மல், நீங்க ஹெல்தி கேரியர், கவலைப்படாதீங்கன்னு அனுப்பிட்டாங்க."

ஹெல்தி கேரியர். அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்ன வார்த்தைதான், அந்த டாக்டர் மட்டும் சொல்லவில்லை. கிருமியைச் சுமக்கிறீர்கள், ஆனால் ஆரோக்கியமாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம். முதல் பாதி நிரந்தரம், இரண்டாம் பாதி அன்றைய நிலவரம் மட்டும் என்று யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. அப்போது மாத்திரைகள் பெரிதாக வந்திருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஸ்கேன் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்திருந்தால் கட்டி இரண்டு சென்டிமீட்டராக இருந்தபோதே தென்பட்டிருக்கலாம். இந்தக் கணக்கை மனதுக்குள் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் குடும்பத்தில் இதற்கு ஒரு விளக்கம் தயாராக இருந்தது. பாட்டி 1989இல் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி இறந்தார். அதனால் "நம்ம குடும்பத்துக்கே ஈரல் வீக்கு" என்று ஒரு பேச்சு. சித்தப்பாவுக்கு வந்ததும் அந்தப் பேச்சு ஊர்ஜிதமாகிவிட்டது. ரத்தத்தில் ஓடுகிறது, பரம்பரை, என்ன செய்ய முடியும்?

ரத்தத்தில்தான் ஓடியது. பரம்பரையாக அல்ல.

எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம். ரத்தத்தில் அது ஆறு மாதத்துக்கு மேல் நிலைத்திருந்தால் வைரஸ் உள்ளே குடியேறிவிட்டது என்று பொருள். இந்த வைரஸ் விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அது எந்த வயதில் நுழைகிறது என்பதுதான். வளர்ந்த ஒருவருக்குத் தொற்றினால் மஞ்சள் காமாலை வரலாம், படுத்துக் கிடக்கலாம். ஆனால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அதை விரட்டிவிடுவார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றும் குழந்தையின் கதை நேரெதிர். பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். காரணம், குழந்தையின் எதிர்ப்புச் சக்திக்கு அது அன்னியன் என்று தெரிவதில்லை. காய்ச்சல் இல்லை, காமாலை இல்லை. சண்டையே நடக்காததால் யாருக்கும் தெரியாது. முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான் கணக்குத் தீர்க்கப்படும்.

தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு, அந்தப் பிள்ளைகளில் பெண்கள் இருந்தால் அவர்களிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது அச்சு அசல் பரம்பரை நோய் போலவே தெரியும். ஒரே வீட்டில் அண்ணன், தம்பி, அத்தை என்று வரிசையாக ஈரல் போகும். குடும்ப மரத்தில் கோடு போட்டுக் காட்டலாம். மரபணுவுக்கு அதில் பங்கே இல்லாமல்கூட இருக்கலாம்.

சித்தப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் வராந்தாவில் என்னை ஓரமாக இழுத்துக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இது ஒட்டுமா?" நானும் சளைக்காமல் "கேன்சர் தொற்று நோய் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சிலர் நம்பினார்கள். சிலர் நம்பியதாகத் தலையாட்டிவிட்டுக் கைகழுவப் போனார்கள்.

நான் சொன்னது பொய்யில்லை. ஒருவருடைய புற்றுச்செல் இன்னொருவர் உடம்பில் போய் வேர்பிடிக்காது. உறுப்பு மாற்று சிகிச்சை போன்ற மிக அபூர்வமான சந்தர்ப்பங்களை விட்டுவிடலாம். விலங்குகளில்தான் விதிவிலக்குகள் உண்டு. நாய்களிடம் உடலுறவு வழியாகப் பரவும் ஒரு புற்றுக்கட்டி பல ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் செல்களிலிருந்து தொடங்கி இன்னும் நாய்க்கு நாய் தாவிக்கொண்டிருக்கிறது. அந்த நாய் எப்போதோ செத்துவிட்டது, அதன் புற்று சாகவில்லை. டாஸ்மேனியாவில் 'டெவில்' என்று பெயர்கொண்ட விலங்குகள் ஒன்றையொன்று முகத்தில் கடித்துக்கொள்ளும்போது பரவும் கட்டி 1996இல் முதலில் கண்ணில் பட்டது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

ஆக, மனிதரில் புற்றுநோய் ஒட்டாது. புற்றுநோயைக் கொண்டுவரும் கிருமி ஒட்டலாம். அதுவும் ஹெபடைடிஸ் பி தொடுவதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, பக்கத்தில் படுப்பதாலோ ஒட்டாது. ரத்தம், உடலுறவு, பிரசவம், இவை தவிர ரேஸர், டூத்பிரஷ் போல ரத்தம் படக்கூடிய பொருள்களைப் பகிர்ந்துகொள்வது. வராந்தாவில் கேட்டவர்களுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அப்போது தெரியாது.

எவ்வளவு பெரிய விஷயம் இது? 2018இல் உலகம் முழுக்கப் புதிதாக வந்த புற்றுநோய்களில் சுமார் 22 லட்சம் தொற்றுகளால் வந்தவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மொத்தத்தில் 13 சதவீதம். அதில் பெரும்பகுதிக்கு நான்கே கிருமிகள் பொறுப்பு: வயிற்றில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, கர்ப்பப்பை வாய்ப் புற்றைக் கொண்டுவரும் எச்.பி.வி. வைரஸ், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. மிச்சத்தில் இன்னும் சில வைரஸ்களும், நன்னீரில் வளரும் ஒட்டுண்ணிப் புழுக்களும் வரும்.

இவ்வளவு பெரிய விஷயம் மருத்துவ உலகத்துக்கே ரொம்ப காலம் பிடிபடவில்லை. நியூயார்க்கில் பெய்டன் ரௌஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளரிடம் 1909இல் ஒருவர் மார்பில் கட்டியோடு ஒரு கோழியைக் கொண்டுவந்தார். அந்தக் கட்டியை அரைத்து, செல்லோ பாக்டீரியாவோ கடந்துபோக முடியாத வடிகட்டியில் வடிகட்டி, அந்த நீரை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார் ரௌஸ். அவற்றுக்கும் கட்டி வந்தது. 1911இல் எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோழிக்கு வருவது மனிதனுக்கு எதற்கு என்றார்கள். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966இல், 87 வயதில்.

நடுவில் இந்தத் துறைக்கு ஒரு அவமானமும் நேர்ந்தது. எலிகளுக்கு வயிற்றுப் புற்றைக் கொண்டுவருவது ஒரு புழு என்று நிரூபித்ததாக ஜொஹான்னஸ் ஃபிபிகர் என்ற டென்மார்க்காரருக்கு 1926ஆம் ஆண்டின் நோபல் கொடுக்கப்பட்டது. பிறகு பார்த்தால் அது தவறு. அந்த எலிகளின் கோளாறில் வைட்டமின் ஏ பற்றாக்குறைக்குப் பெரிய பங்கு இருந்தது. அதற்குப் பிறகு 'கிருமியால் புற்று' என்று பேசினாலே ஆட்கள் ஒரு மாதிரியாகப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் உண்மையான தடை கேலி இல்லை, காலம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மை என்றால் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும், யாரிடமிருந்து வந்தது என்று விரல் நீட்டலாம். தொட்டிலில் நுழைந்து ஐம்பது வயதில் முகம் காட்டுகிற ஒன்றை எப்படிப் பிடிப்பது? தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று வருவதே இல்லை என்பது இன்னொரு குழப்பம்.

இந்தக் குழப்பத்தைப் பொறுமையால் வென்ற ஒரு ஆய்வு உண்டு. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்தது. பால்மர் பீஸ்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1970களில் தைவானுக்குப் போனார். அரசு ஊழியர்களுக்கு அங்கே பொதுவான காப்பீடு இருந்தது. யார் இறந்தாலும், எதனால் இறந்தாலும் பதிவேட்டில் வந்துவிடும். பீஸ்லி செய்தது இவ்வளவுதான்: 22,707 ஆண்களின் ரத்தத்தை எடுத்து, வைரஸ் இருக்கிறவர் இல்லாதவர் என்று பிரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். வைரஸ் இருந்தவர்கள் 3,454 பேர். 1981இல் முடிவை வெளியிட்டபோது கல்லீரல் புற்றில் இறந்தவர்கள் 41 பேர். அவர்களில் 40 பேர் அந்த 3,454க்குள் இருந்தவர்கள். வெளியே இருந்த பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் பேரில் ஒரே ஒருவர்.

ஆபத்து 223 மடங்கு. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பையே பத்து இருபது மடங்கு என்றுதான் சொல்வோம். அந்த எண்ணை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன்.

தைவான் அடுத்துச் செய்தது அதைவிட முக்கியம். 1984 ஜூலையிலிருந்து வைரஸ் உள்ள தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளுக்கு, சீக்கிரமே எல்லாக் குழந்தைகளுக்கும், பிறந்த உடனேயே தடுப்பூசி. பத்துப் பதினைந்து வருடத்தில் சிறுவர்களிடையே கல்லீரல் புற்று பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. உலகத்தில் தடுப்பூசி ஒன்று மனிதப் புற்றுநோயைத் தடுத்தது என்று காட்டிய முதல் சாட்சி அதுதான்.

கிருமி உள்ளே என்னதான் செய்கிறது? நான் புரிந்துகொண்ட அளவில் இரண்டு பாணிகள். ஒன்று நேரடி நாசவேலை. எச்.பி.வி. தோலின் மேலடுக்குச் செல்களில் வாழ்கிறது. அந்தச் செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டவை. ஆனால் வைரஸுக்குத் தன் நகலெடுக்க, பிரியும் செல்லின் இயந்திரம் வேண்டும். அதனால் இ7 என்ற புரதத்தை அனுப்பி செல்லின் பிரேக்கைக் கழற்றுகிறது. பிரேக் கழன்றால் அலாரம் அடிக்கும் காவலாளி ஒன்று உண்டு, பி53 என்று பெயர். இ6 என்ற இன்னொரு புரதம் அந்தக் காவலாளியைத் தீர்த்துக்கட்டுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே வைரஸை வெளியேற்றிவிடும். வெளியேறாமல் பத்து இருபது வருடம் தங்கினால்தான் வினை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் இதுவே காரணம். 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே எழுபது சதவீதத்துக்குப் பொறுப்பு.

வேடிக்கை என்னவென்றால் புற்றுநோயால் வைரஸுக்கு ஒரு லாபமும் இல்லை. கட்டியாக மாறிய செல்லில் அது பெரும்பாலும் மனித டி.என்.ஏ.வுக்குள் உடைந்து சிக்கிக்கொள்கிறது. புது வைரஸ் செய்ய முடியாது. விபத்து, இரண்டு பக்கத்துக்கும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்று தொற்றால் வருகிறது என்பதற்கான முதல் துப்பு 1842இலேயே கிடைத்திருந்தது. இத்தாலியின் வெரோனா நகரத்து மரணப் பதிவேடுகளைப் புரட்டிய ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர், கன்னியாஸ்திரிகளுக்குக் கருப்பைப் புற்று மிகக் குறைவு என்று கவனித்தார். ஏதோ ஒன்று உடலுறவு வழியாக வருகிறது என்பதற்கு இதைவிடச் சத்தமாக ஒரு எண் பேச முடியாது. ஆனாலும் 1970களில் எல்லோரும் ஹெர்பீஸ் வைரஸைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஹெரால்ட் சுர் ஹௌசன் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் மட்டும், இல்லை, மருக்களை உண்டாக்கும் குடும்பத்து வைரஸ் என்று பிடிவாதமாக இருந்து 1983இலும் 1984இலும் அந்த இரண்டு வகைகளையும் கட்டிகளிலிருந்தே எடுத்துக் காட்டினார். 2008இல் நோபல். அதற்கு இரண்டு வருடம் முன்பே தடுப்பூசி வந்துவிட்டிருந்தது. 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்டவர்களுக்கு இந்தப் புற்று 88 சதவீதம் குறைந்தது என்று ஸ்வீடனில் 2020இல் கண்டார்கள்.

இரண்டாவது பாணி மெதுவானது. ஹெபடைடிஸ் பி ஈரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. நம் எதிர்ப்புச் சக்திதான் தூக்கம் கலைந்து, வைரஸ் குடியிருக்கும் செல்களைத் தாக்குகிறது. செத்த செல்லுக்குப் பதில் புதுச் செல். மறுபடி தாக்குதல், மறுபடி வளர்ச்சி. ஒவ்வொரு தடவை நகலெடுக்கும்போதும் ஒரு எழுத்துப் பிழைக்கு வாய்ப்பு. இதை முப்பது வருடத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் சியும் இப்படித்தான். அதில் பொதுவாக ஈரல் சுருங்கிய பிறகே புற்று வரும். பி வைரஸோ தன் துண்டுகளை நம் டி.என்.ஏ.விலும் செருகிவைக்கும். அதனால் அப்படிச் சுருங்காத, அதாவது சிரோசிஸ் இல்லாத ஈரலிலும் கட்டி வரலாம். சித்தப்பாவுக்கு அப்படித்தான். "ஈரல் நல்லா இருக்கே" என்று ஒவ்வொரு முறையும் ஆறுதல் சொன்ன ரிப்போர்ட்டுகள் பொய் சொல்லவில்லை, பாதியை மட்டும் சொன்னன.

வயிற்றுப் பாக்டீரியாவான ஹெலிகோபேக்டரைப் பற்றிச் சொன்னால், பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1984இல் அதைக் கரைத்துக் குடித்த கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதை சற்று மிகையாகச் சொல்லப்படுவதாகப் படும். அவர் காட்டியது வயிற்று அழற்சியைத்தான். புண்ணையோ புற்றையோ அல்ல. புற்றைக் காட்ட வேண்டுமென்றால் இன்னும் நாற்பது வருடம் காத்திருந்திருக்க வேண்டும். என்னை அசத்துவது வேறொன்று. வயிற்றில் வரும் மால்ட் லிம்ஃபோமா என்ற புற்றுநோய், ஆரம்ப நிலையில் இருந்தால், பெரும்பாலானோருக்கு இந்தப் பாக்டீரியாவை ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஒழித்ததுமே தானாகச் சுருங்கிவிடுகிறது. கீமோ இல்லை, கத்தி இல்லை. இரண்டு வார மாத்திரை.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே எல்லா டெஸ்டும் எடுக்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு எப்ஸ்டீன் பார் வைரஸை ஞாபகப்படுத்த வேண்டும். உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வந்த ஒரு கட்டியை டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் விவரித்தார். அந்தக் கட்டியிலிருந்து 1964இல் லண்டனில் கண்டெடுத்த வைரஸ் இது. மனிதப் புற்றோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் வைரஸ். வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இதைச் சுமக்கிறோம். நானும், அநேகமாக நீங்களும். மிக மிகச் சிலருக்கே அது புற்றாகிறது. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு அந்தக் கட்டி வர, திரும்பத் திரும்ப மலேரியா வருவதும் சேர வேண்டியிருந்தது. கிருமி தனியாக எதையும் முடித்துவிடுவதில்லை. வயது, புகை, மது, எதிர்ப்புச் சக்தி, எல்லாம் கூட நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். தாளைப் பார்த்த மறுவாரம் ஒருவனைத் தவிர எல்லோரும் ரத்தம் கொடுத்தோம். சித்திக்கு இல்லை. அம்மாவுக்கு இல்லை, எனக்கும் இல்லை. மூவரும் மூன்று ஊசி போட்டுக்கொண்டோம். அப்பாவுக்கு இருந்தது.

அவர் பயந்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு வேறொன்று கேட்டார்.

"அப்ப எங்கம்மாதான் குடுத்தாளா?"

எனக்குத் தெரிந்த அறிவியல் எதுவும் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. பரம்பரை என்றபோது யார் மீதும் பழி இல்லை. கிருமி என்றதும் கொடுத்தவர், வாங்கியவர் என்று இரண்டு பேர் வந்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னேன், "அப்பா, நீங்க பிறந்தது 1955. அந்த வைரஸோட மேலுறைப் புரதத்தை ப்ளம்பெர்க்னு ஒருத்தர் ரத்தத்துல பார்த்து எழுதினதே 1965லதான். பாட்டி உங்களைப் பெத்தப்போ உலகத்துல யாருக்குமே அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாது. பாட்டிக்கு அவங்கம்மா."

"அவளுக்கு?"

"அவங்கம்மா."

அப்பா சிரித்தார். முழுச் சிரிப்பில்லை.

இப்போது தினம் ஒரு மாத்திரை, டெனோஃபோவிர். அது வைரஸை அடக்கும், ஒழிக்காது. புற்றின் ஆபத்தைக் குறைக்கும், பூஜ்யமாக்காது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். டாக்டர் குடும்ப வரலாறு கேட்டால் அப்பா முன்பு "ஈரல் வீக்கு" என்பார். இப்போது வைரஸ் பெயரைச் சொல்கிறார், கொஞ்சம் கர்வத்தோடு.

டெஸ்ட் எடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தது சித்தப்பா மகன் ஒருவன்தான். "பார்த்து என்னக்கா ஆகப்போகுது" என்பான். சிறு வயதில் அவன் சித்தப்பாவின் ரேஸரை எடுத்து முகத்தில் இழுத்து வெட்டிக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவனுக்கும் இருக்கும். நான் வற்புறுத்துவதை நிறுத்தி ஒரு வருடமாகிவிட்டது. போன வாரம் ராத்திரி பத்தரைக்கு ஃபோன் செய்தான். வேலை, மழை என்று என்னென்னவோ பேசிவிட்டு, வைக்கப் போகும் நேரத்தில் கேட்டான்:

"அக்கா, அந்த டெஸ்டுக்கு வெறும் வயித்துல போகணுமா?"

"வேண்டாம்டா," என்றேன். "எப்ப வேணா போகலாம்."